தீர்மானத்தில் பிறந்த ஆறு

உலகின் மாபெரும் நாகரிகங்கள் அனைத்தும் ஆற்றங்கரைகளில்தான் கண்விழித்தன. மனிதன் முதன்முதலில் விதைத்ததும், முதன்முதலில் எழுதியதும், தலையைத் தூக்கி நட்சத்திரங்களை முதன்முதலில் பார்த்ததும் நீரோடும் கரையில் நின்றுதான். எங்கள் ஊர் கண்விழித்தது வேறு விதமாக. பெருநகரத்தில் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் கட்டிலையும் பாத்திரத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். லாரிக்காரன் எந்த இடத்தில் 'இதுக்கு மேல வண்டி போகாது' என்று இறக்கிவிட்டானோ அந்த இடம்தான் எங்கள் ஊர்.

அதற்கு முன்பு இங்கே செங்கல் சூளைகள் இருந்தன. அவை மண்ணை எடுத்துக்கொண்டு பள்ளத்தை விட்டுப்போயின. பெருநகரம் தன் குப்பையைக் கொண்டுவந்து பள்ளத்தில் கொட்டியது. ஒரு மனை வியாபாரி அதன்மேல் ஒரு சாண் மண்ணைப் பரப்பி, சுண்ணாம்புக் கோடு போட்டு, தெருக்களுக்கெல்லாம் பூக்களின் பெயர் வைத்து விற்றார். ஒரு ரயில் நிலையம் வந்தது. அதில் விரைவு வண்டிகள் நிற்பதில்லை. பிறகு நகராட்சி வந்தது. அதில் எதுவுமே நகர்வதில்லை. இவ்வளவுதான் எங்கள் ஊரின் வரலாறும் வளர்ச்சியும். ஒரு தபால் அட்டையில் எழுதினால் நலம் விசாரிக்க இடம் மிஞ்சும்.

இதில் யாருக்கும் குறை இருக்கவில்லை. அடுத்த நிலையத்து ஊரில் சுவர் கிடைக்கும்வரை.

வண்டி நிறுத்த இடம் தோண்டியபோது அவர்களுக்கு ஒரு பழைய சுவர் அகப்பட்டுவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். இடுப்பளவு உயரம், பாதிக்கு மேல் இடிந்திருக்கிறது, நாய்கள் அதை ஒழுங்காகப் பயன்படுத்துகின்றன. ஆனால் அரசாங்கம் அந்த ஊரைத் 'தொன்மை நகர்' என்று அறிவித்துவிட்டது. மறு மாதமே விரைவு வண்டிகள் அங்கே நிற்கத் தொடங்கின. எங்கள் நகராட்சித் தலைவர் தினமும் காலையில் நடைமேடையில் நின்று, விரைவு வண்டி தன் சட்டையைப் படபடக்க அடித்துவிட்டுப் பறந்துபோவதைப் பார்த்தார். அவமானத்தில் ஒருநாள் தீர்மானித்தார்: இந்த ஊருக்கு உடனடியாக ஒரு வரலாறு வேண்டும்.

நகர வரலாற்றுக் குழு அமைக்கப்பட்டது. தலைவரே அதற்கும் தலைவர். நகராட்சிச் செயலர் அம்மாள் அதற்கும் செயலர். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை ஆலோசகராகப் போட்டார்கள். அவர் எதில் பேராசிரியர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம். பழைய மனை வியாபாரியின் மகன், இப்போது அடுக்குமாடி கட்டி விற்பவர், உறுப்பினர். மற்றவர்கள் கை தூக்குவதற்கு.

உலகில் மற்றவர்கள் வரலாற்றைத் தோண்டி எடுப்பார்கள், படித்து எடுப்பார்கள். எங்கள் குழு நகராட்சியின் வழக்கப்படியே செய்தது. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், கை தூக்குவார்கள், அது நடந்ததாகிவிடும். முதல் கூட்டத்தில் ஊரின் வயது எடுத்துக்கொள்ளப்பட்டது. தலைவர் ஆயிரத்து ஐநூறு ஆண்டுகள் என்று முன்மொழிந்தார். பேராசிரியர், சான்று கேட்பார்களே என்று முனகினார். அடுக்குமாடிக்காரர் சமாதானம் பேசினார்: "ரெண்டு பேருக்கும் வேணாம், எண்ணூறுல முடிச்சுக்குவோம்." தேநீர் வருவதற்குள் ஊருக்கு எண்ணூறு வயதாகிவிட்டது.

*

நகராட்சி அலுவலகத்துக்கு நேர் பின்தெருவில் ஒரு சலவைக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. சலவைக்காரர் வாய் அதிகம் பேசாதவர். அந்தக் கணக்கையும் சேர்த்து அவர் மனைவி பேசுவார். இரண்டு இயந்திரம், ஒரு நீராவிப் பெட்டி, சுவர் நீளத்துக்கு ஒரு கம்பி. கம்பியில் தொங்குவதில் பாதிக்கு மேல் பெரிய தெரு மருத்துவமனையின் வெள்ளைக் கோட்டுகள். அந்தக் கோட்டுகள்தான் அவர்கள் வீட்டு அடுப்பு.

மழைக்காலத்துக்குப் பிறகு கடைப்படிக்கும் சாலைக்கும் நடுவில் இருந்த சிமெண்டுப் பலகை விரிந்தது. விரிசலில் ஈரம் தெரிந்தது. பிறகு கசிந்தது. பிறகு ஓடியது. பழுப்பாக, நுரையோடு, அவசரமே இல்லாமல் படியேறி வந்தது. அதன் நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்களும் இருப்பீர்கள். கோட்டுகளை எத்தனை முறை துவைத்தாலும், உலர்வதற்குள் அந்த நாற்றம் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் மூட்டையோடு திரும்பி வந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் கிட்ட வந்தாலே பேஷண்டெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறாங்க. அவரு பாவம், தன்மேலதான் ஏதோ கோளாறுன்னு ரெண்டு வேளை குளிச்சிட்டு வர்றாரு."

"நாங்க நல்லாத்தான் துவைக்கிறோம், சிஸ்டர்."

"தெரியும்ணே. இந்த மாசம் முடியட்டும்னு சொல்லியிருக்காங்க. அப்புறமும் இப்படின்னா வேற கடைதான்."

நர்ஸ் போனதும் மனைவி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "போய்ச் சொல்லிட்டு வாங்க. 'ஐயா, சார்'னு நெளிஞ்சிட்டு நிக்காதீங்க. சாக்கடை உடைஞ்சிருக்கு, வந்து அடைங்க. அவ்ளோதான்."

அவர் நகராட்சிக்குப் போனார். மனைவியின் தம்பி அங்கேதான் உதவியாளராக இருந்தான். அக்கா வீட்டுக்காரரைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "மாமா, புகார்ப் பிரிவு இன்னிக்கு கிடையாது. அந்த ரூம்லதான் வரலாறு நடக்குது. உள்ள போய் ஓரமா நில்லுங்க. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்."

உள்ளே பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். எண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள எந்த ஊரும் ஆறு இல்லாமல் இருந்ததில்லை என்பதும், நமக்கு ஆறு இல்லை என்பதும், இந்த இரண்டில் ஒன்றை மாற்ற முடியாது என்பதும் அவர் பேச்சின் சாரம். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் சலவைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா... தண்ணி வருதுங்க."

"எங்கே?" என்றார் தலைவர்.

"என் கடை முன்னாடி. பூமிக்குள்ள இருந்து."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பூமிக்குள்ளிருந்து. நிற்கிறதா?"

"நிக்கவே மாட்டேங்குதுங்க. இந்த வெயில்லயும்."

"வற்றாதது," என்றார் பேராசிரியர், சபையைப் பார்த்து. "எந்தத் திசையில் பாய்கிறது?"

"என் கடைக்குள்ளங்க."

"மேற்கு," என்று செயலர் அம்மாள் குறித்துக்கொண்டார்.

சலவைக்காரர் மனைவி சொல்லியனுப்பியதைச் சொல்ல வாயெடுத்தார். 'சாக்' என்பதுவரை சொன்னார். அதற்குள் தலைவர் எழுந்து முன்மொழிந்துவிட்டார். அடுக்குமாடிக்காரர் வழிமொழிந்தார். எங்கள் ஊரின் தொலைந்துபோன ஆறு கண்டுபிடிக்கப்பட்டதாகத் தீர்மானம். கைகள் உயர்ந்தன. "எதிர்ப்பவர்கள்?" என்று கேட்டபோது சலவைக்காரரும் கை தூக்கினார்.

"நீங்க உறுப்பினர் இல்ல," என்றார் செயலர் அம்மாள். "அதோட, கண்டுபிடிச்சவரே நீங்கதான். கைய இறக்குங்க."

எல்லோரும் அவருக்குக் கை தட்டினார்கள். அவரும் எதற்கும் இருக்கட்டும் என்று தட்டினார்.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றார். "என்ன, வர்றாங்களா?"

"வர்றாங்க. பேராசிரியர் வர்றார்."

"அடைப்பு எடுக்கவா?"

"இல்ல. அது... ஆறாம்."

மனைவி தண்ணீரைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "நீங்க என்ன சொன்னீங்க?"

"கை தட்டினாங்க," என்றார் அவர்.

*

பேராசிரியர் மறுநாளே வந்தார். மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு பரவசப்படுவது எளிதல்ல, அவர் செய்தார்.

"இந்த மணத்தைக் கவனியுங்கள். கந்தகம். பூமியின் அடிவயிற்றிலிருந்து வருகிறது."

"பூமியோட வயித்துல இருந்தா?" என்றார் சலவைக்காரரின் மனைவி. "எனக்கென்னவோ வேற யாரு வயித்துல இருந்தோ வர்ற மாதிரி இருக்கு சார்."

அந்த நேரம் பார்த்து விரிசலிலிருந்து ஒன்று மிதந்து வந்து, பேராசிரியரின் செருப்பருகே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

"இதுக்கு என்ன பேரு சார்?"

"வண்டல்."

"முழுசா இருக்கே?"

"வண்டலில் பல வகை உண்டு அம்மா," என்று பேராசிரியர் காலை நகர்த்திக்கொண்டார். பிறகு, ஓட்டத்தில் ஏதாவது மாறுதல் உண்டா என்று கேட்டார். அலுவலக நாட்களில் கெட்டியாகவும் விடுமுறையில் வெறும் தண்ணீராகவும் வருகிறது என்று அந்த அம்மாள் உள்ளதைச் சொன்னார். பேராசிரியர் அதைத் தன் கட்டுரையில் இப்படி எழுதினார்: 'வாரம் ஒருநாள் தெளியும் இயல்புடைய இவ்வாறு, உழைப்பும் ஓய்வும் என்னும் உயரிய நெறியை மனிதனுக்குக் கற்பித்திருக்கக்கூடும்.'

வாரத்துக்குள் ஆற்றின் இருபுறமும் கம்பிவேலி வந்தது. 'ஆற்றில் துப்பாதீர்' என்று பலகை வந்தது. வேலி கடையின் வாசலை அடைத்துவிட்டதால் வாடிக்கையாளர்கள் கடைக்குள் வர வேலியில் இடம் விட்டு ஒரு மரப்பலகையைக் குறுக்கே போட்டார்கள். அது பாலம். அதைத் திறந்துவைக்க அடுக்குமாடிக்காரர் வந்து நாடா வெட்டினார். மூன்றடிப் பாலத்தின் நடுவில் நின்று இருகரையையும் பார்த்துக் கையசைத்தார். அவருடைய புதிய கட்டடத்துக்கு 'நதிமுகம்' என்று பெயர் மாறியதும் அந்த வாரம்தான்.

சலவைக்காரர் இதற்கு நடுவில் முறைப்படி ஒரு புகாரும் கொடுத்திருந்தார். அதற்குப் பதில் வந்தது: 'மனுதாரர் குறிப்பிடும் சாக்கடையானது ஆறாகத் தரம் உயர்த்தப்பட்டுவிட்டபடியால், மனு முடித்துவைக்கப்படுகிறது.'

அவர் பதிலை எடுத்துக்கொண்டு செயலர் அம்மாளிடம் போனார். "அம்மா, பேரு எதுவா வேணா இருக்கட்டும். நாத்தத்த மட்டும் நிறுத்திக் குடுங்க. மாசக் கடைசியில மருத்துவமனைத் துணி போயிடும்."

"நாத்தம்னு சொல்லாதீங்க. குழுவில அந்த வார்த்தையை எடுத்துட்டோம். ஆத்துவாசனைன்னு சொல்லுங்க."

"சரிங்க. ஆத்துவாசனைய நிறுத்திக் குடுங்க."

"ஆத்துவாசனைய யாராவது நிறுத்துவாங்களா?" என்றார் அம்மாள், உண்மையான ஆச்சரியத்தோடு.

*

ஆற்றுக்கு அறிமுக விழா எடுத்தார்கள். பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலிகள். முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வரிசைக்கு எழுந்துபோனார்கள். கடைசி வரிசை நிரம்பி வழிய, தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசினார்.

"இந்த ஊருக்கு நீ என்ன செய்தாய் என்று எதிர்க்கட்சியினர் கேட்கிறார்கள். நான் சாலை போட்டேனா? இல்லை. விளக்குப் போட்டேனா? இல்லை. குடிநீர் தந்தேனா? இல்லை. இவற்றையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். எனக்கு முன்னால் இருந்த எந்தத் தலைவராவது ஓர் ஆறு தந்தாரா? என் அலுவலக அறையில் இரவுபகலாக உட்கார்ந்து நான் பட்ட பாடு வீண்போகவில்லை. அந்தப் பாட்டின் பயன் இதோ உங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது!"

கைதட்டல் மந்தமாக எழுந்தது. பெரும்பாலோரின் ஒரு கை மூக்கில் இருந்தது.

பிறகு தலைவர் பாலத்தில் மண்டியிட்டார். இரண்டு கையாலும் அள்ளினார். முகம் கழுவினார். மிச்சத்தை வாயில் விட்டுக்கொண்டார். தொண்டை ஏறி இறங்குவதை ஊரே பார்த்தது. சலவைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சார், கண்ண மூடிட்டீங்க," என்றார் புகைப்படக்காரர். "ஒன்ஸ் மோர்."

தலைவர் இன்னொரு முறை அள்ளிக் குடித்தார். இம்முறை கண்ணைத் திறந்துகொண்டு.

"லேசா கரிக்குது," என்றார், உதட்டைத் துடைத்தபடி.

"கடல் தொடர்பு!" என்றார் பேராசிரியர் மூன்றாவது வரிசையிலிருந்து, எழுந்து நின்று.

மாதம் முடிவதற்கு முன்பே மருத்துவமனைக் கோட்டுகள் போய்விட்டன. கம்பியில் காலிக் கொக்கிகள் தொங்கின. காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதி நகைத்தன.

அந்த வாரமே அறிவிப்பு ஒன்றைக் கடைச்சுவரில் ஒட்டிப்போனார்கள். கடையும் வீடும் ஆற்றின் கரையை ஆக்கிரமித்து நிற்பதாகவும், அகற்றப்படும் என்றும் அதில் இருந்தது. சலவைக்காரர் அதை இரண்டு முறை படித்தார். மனைவி ஒரு முறைதான் படித்தார். இந்தத் தடவை அவரே கிளம்பினார். கணவர் பின்னால் நடந்தார்.

"ஐயா, சொந்தமா வாங்கிக் கட்டின இடம்," என்றார் தலைவரிடம். "கல்யாணம் ஆனதுலருந்து அங்கதான் இருக்கோம்."

"ஆறு எண்ணூறு வருஷமா இருக்கும்மா. யார் முதல்ல வந்தது?"

"போன மழைக்கு அப்புறம் வந்ததுங்க அது!"

"அதான் அதோட பெருந்தன்மை. இத்தனை நாளா உங்களுக்கு இடம் விட்டு அடியில ஒதுங்கி ஓடியிருக்கு. நீங்க அதுக்கு இடம் விட மாட்டேங்கறீங்க."

"எங்களுக்குன்னா ஒரு சட்டம், உங்களுக்குன்னா ஒண்ணா?"

தலைவர் புண்பட்டுப்போனார். விதியைப் படிக்கும்படி செயலர் அம்மாளிடம் சொன்னார். அம்மாள் படித்தார்: ஆற்றின் கரையிலோ, அதன் பிறப்பிடத்தின் மீதோ நிற்கும் எந்தக் கட்டடமும், அது எவருக்குச் சொந்தமானாலும், இடிக்கப்படும். "எவருக்குச் சொந்தமானாலும், கேட்டீங்களா?" என்றார் தலைவர். "நானே என் கையால சேர்த்தது. நாளைக்கு என் சொந்த வீடா இருந்தாலும் இடிச்சுத்தான் ஆகணும்."

ஒரே ஒரு தடைதான் இருந்தது. ஆறு பிறக்கும் இடத்தைக் காட்டினால்தான் 'தொன்மை நகர்' தருவோம் என்று அரசாங்கத்திலிருந்து எழுதிவிட்டார்கள். பிறப்பிடம் தெரிந்தால்தான் பாதை தெரியும். பாதை தெரிந்தால்தான் கரையின் அளவு போட முடியும். அதுவரை கடையைத் தொட முடியாது.

"அப்போ கண்டுபிடிக்கலேன்னா தப்பிச்சோம்," என்றார் சலவைக்காரர், திரும்பி நடக்கும்போது.

"கண்டுபிடிச்சாங்கன்னா?"

"மறுநாள் காலையில வண்டி வரும்னு உன் தம்பி சொல்றான்."

அன்று முதல் அந்தத் தம்பதியர், தங்கள் வாசலை நாறடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்கள்.

*

பிறப்பிடம் தேடும் பயணம் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. முறையைப் பேராசிரியரே வகுத்தார். சந்தேகப்படும் இடத்தில் சிவப்புச் சாயம் ஊற்றுவது. ஆறு சிவந்தால் அதுவே பிறப்பிடம். சாயத்தைப் பெரிய தகர டின்னில் கலக்கி, சலவைக்காரரின் மச்சினன் தலையில் ஏற்றினார்கள். தலைவர் கொடி அசைத்தார். பேராசிரியர் தொப்பியும் முழங்கால்வரை பூட்சும் அணிந்திருந்தார். எங்கள் ஊரில் கணுக்கால் நனையும் இடம் சலவைக்கடை வாசல் ஒன்றுதான். அங்கே அவர் போகப்போவதில்லை.

சூளை மேட்டில் ஊற்றினார்கள். கடை வாசலில் கூடியிருந்த கூட்டம் காத்திருந்தது. தண்ணீர் பழுப்பாகவே வந்தது. பேருந்துப் பணிமனைக் கிணற்றில் ஊற்றினார்கள். பழுப்பு. பழைய குப்பைப் பள்ளத்தில் ஊற்றினார்கள். அங்கே ஒரு பன்றி சிவந்தது. ஆறு சிவக்கவில்லை. எல்லை தாண்டி அடுத்த ஊருக்குள் போய் அவர்கள் சுவரடியில் ஊற்றலாமா என்று அடுக்குமாடிக்காரர் யோசனை சொன்னார். அப்படி அங்கிருந்து வந்தால் ஆறு அவர்களுடையதாகிவிடும் என்று தலைவர் பதறித் தடுத்தார்.

மாலைக்குள் ஊரில் பள்ளம் என்று பெயர் வாங்கிய எல்லாவற்றிலும் சாயம் ஊற்றியாகிவிட்டது. கடை வாசலில் கூட்டம் கரைந்தது. சலவைக்காரரின் மனைவி நெடுநாளைக்குப் பிறகு தேநீர் போட்டார்.

பேராசிரியர் தளர்ந்துபோய் அலுவலகத்துக்குத் திரும்பினார். தொப்பியைக் காணவில்லை. முழங்கைவரை சிவப்பு. கொலை செய்துவிட்டு வந்தவர்போல் மாடியேறித் தலைவர் அறை வாசலில் நின்றார். பொது இடத்துக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

"அட, என்ன சார் நீங்க," என்று தலைவர் எழுந்தார். "உங்களுக்கு இல்லாததா? என் பாத்ரூம்ல கழுவிக்குங்க." சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் தன் அறைக்குள்ளேயே இருந்த கதவைத் திறந்துவிட்டார்.

பேராசிரியர் டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அடியில் நிறைய மிச்சமிருந்தது. அதைக் கழிப்பறைக் கோப்பையில் கவிழ்த்தார், டின்னை அலசி ஊற்றினார், கையைக் கழுவினார், தண்ணீர்த் தொட்டியின் பிடியை ஒருமுறைக்கு இருமுறை அழுத்தினார். சுத்தத்தில் அவர் கண்டிப்பானவர்.

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, நாற்காலியில் சாய்ந்து, "அறிவியல் பொறுமையை வேண்டுவது" என்று ஆரம்பித்தபோது, பின்தெருவிலிருந்து கூச்சல் கேட்டது.

ஆறு சிவந்துவிட்டது.

சலவைக்காரர் தேநீர்க் குவளையோடு படியில் நின்று பார்த்தார். ரத்தச் சிவப்பாகக் குமிழியிட்டு வந்தது. அவர் மனைவி குவளையை வாங்கிக் கீழே வைத்தார். "போச்சு," என்றார். "சாமான் கட்ட ஆரம்பிங்க." தெருவெல்லாம் கைதட்டல். யாரோ பட்டாசுக்கு ஓடினார்கள்.

மச்சினன் மாடிக்குப் பறந்தான். "சார்! செவந்துடுச்சு சார்! வந்துடுச்சு!"

தலைவர் துள்ளி எழுந்தார். பேராசிரியரின் இரு கைகளையும் பற்றிக் குலுக்கினார். "சாதிச்சிட்டீங்க சார்! எந்த இடம்? சூளையா? பணிமனையா? சொல்லுங்க, இன்னிக்கே அங்க ஒரு வளைவு கட்ட அடிக்கல் போட்டுடறேன். மேல இருக்கற கட்டடத்தையெல்லாம் நாளைக்கே இடிச்சிடலாம்!"

பேராசிரியர் தன் கைகளைப் பார்த்தார். திறந்திருந்த குளியலறைக் கதவைப் பார்த்தார். உள்ளே தொட்டியிலிருந்து தண்ணீர் விடாமல் ஒழுகிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"கடைசியாக எங்கே ஊற்றினோம் என்பதை," என்று மெதுவாகச் சொன்னார், "குழுவில் மட்டும் சொல்வது நல்லது."

*

அவசரக் கூட்டம் அப்போதே கூடியது. மச்சினன் தேநீர் கொண்டுபோகிற சாக்கில் மூன்று முறை உள்ளே போய் வந்ததால்தான் நமக்கு இதெல்லாம் தெரிகிறது. பேராசிரியர் பிறப்பிடத்தைச் சொன்னார். தலைவர் உதட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். செயலர் அம்மாள், கடமை தவறாதவர், விதியை எடுத்துப் படித்தார். பிறப்பிடத்தின் மீது நிற்கும் எந்தக் கட்டடமும். எவருக்குச் சொந்தமானாலும்.

"இந்தக் கட்டடமா?" என்றார் அடுக்குமாடிக்காரர், கூரையைப் பார்த்து.

"அத யாரு எழுதுனது?" என்று கத்தினார் தலைவர்.

"நீங்கதான் சார்."

பேராசிரியர்தான் வழி கண்டார். எண்ணூறு ஆண்டு ஓடிய ஆறுகள் சில சமயம் திடீரென்று மறைந்துவிடுவதுண்டு. உலக வரலாற்றில் உதாரணங்கள் உண்டு. தலைவர் முன்மொழிந்தார். அடுக்குமாடிக்காரர், 'நதிமுகம்' பலகைக்கு ஆன செலவை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டு, வழிமொழிந்தார். அன்று மாலை முதல் ஆறு மறைந்துவிட்டதாகத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை.

மறுநாள் காலை சலவைக்கடை வாசலில் வண்டி வந்து நின்றது. தம்பதியர் பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கியவர்கள் கம்பிவேலியைப் பிடுங்கினார்கள், பலகையைக் கழற்றினார்கள், பாலத்தைத் தூக்கிப்போட்டார்கள், சுவரில் இருந்த அறிவிப்பைக் கிழித்தார்கள். கடையைத் தொடவில்லை.

"என்னப்பா நடக்குது?" என்றார் சலவைக்காரர்.

"இங்க ஆறு எதுவும் கிடையாதுன்னு உத்தரவு," என்றார் மேஸ்திரி. "குழாய் அடைக்கச் சொன்னாங்க."

"அதத்தான நாங்க முதல்லருந்து கேட்டோம்?" என்றார் மனைவி.

"எங்களுக்கு இன்னிக்குத்தாம்மா சொன்னாங்க."

விரிந்த சிமெண்டுப் பலகையைப் பெயர்த்தார்கள். நகராட்சிக் கட்டடத்தின் பக்கச் சுவரோரமாக ஒரு குழாய் வந்து, மழைநீர்க் கால்வாயில் முடிந்தது. தலைவர் பதவியேற்றதும் தன் அறைக்கென்று தனியாக ஒரு கழிப்பறை கட்டச் சொல்லியிருந்தார். திறப்பு விழாவுக்கு நேரமாகிவிட்டதால் அதைப் பாதாளச் சாக்கடையோடு இணைக்காமல், பக்கத்தில் இருந்த கால்வாய்க்குள் விட்டிருந்தார்கள். தொட்டியின் மிதவை உடைந்திருந்ததால் தண்ணீர் ஓயாமல் ஓடியிருக்கிறது. வேறு எந்தக் குழாயும் அந்தக் கால்வாயில் சேரவில்லை. உச்சிவேளைக்குள் வேலை முடிந்தது. மருத்துவமனைக் கோட்டுகள் அடுத்த வாரம் திரும்பி வந்தன.

பேராசிரியர் கை கழுவப் போன அந்த மாலைவரை, அந்தக் கழிப்பறையைத் தலைவரைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதில்லை.